நியாயமான கோரிக்கையும் பொய்ச்சான்றும்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

மனிதர் தம்முள் நடத்தும் கொடுக்கல் வாங்கல்களுள் காப்புறுதி தனித்தன்மை வாய்ந்தது. அரிசி வாங்குபவன் அதனைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்குகின்றான். துணி வாங்குபவன் அதன் நெசவைத் தடவிப் பார்க்கின்றான். காப்புறுதி வாங்குபவனோ ஒரு சொல்லையே விலைகொடுத்து வாங்குகின்றான். 'உனக்கு இன்ன தீங்கு நேரின் இன்ன தொகை தருவோம்' என்னும் வாக்கே அங்கு விற்பனைப் பொருள். அவ்வாக்கின் தரம் தீங்கு நேர்ந்த பின்னரே தெரியவரும். தீங்கு நேராதவன் தான் வாங்கியது நல்லதா கெட்டதா என்பதை அறியாமலே வாழ்ந்து முடித்துவிடுகின்றான். இதனாலேயே, கொடுத்த வாக்கு மறுக்கப்படும்போது எழும் பிணக்கு பணத்தைப் பற்றியதாக மட்டும் அமைவதில்லை. நம்பிக்கை, நீதி, வாய்மை ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கே சோதனைக்குள்ளாகின்றன.

இச்சோதனையின் தன்மையை விளங்கிக்கொள்ளும் பொருட்டு ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்துகொள்ளலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சிற்றூர் ஒன்றில் நாட்கூலிக்கு வேலை செய்யும் மேசன் ஒருவர், மாலை நான்கரை மணியளவில் வேலை முடித்துத் துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்புகின்றார். பின்னால் விரைந்து வந்த வான் ஒன்று அவரது வண்டியின் கைப்பிடியில் மோதிவிட்டு நில்லாமற் போய்விடுகின்றது. தொடையெலும்பு முறிந்த அவரால் ஐந்து மாதங்களுக்கு வேலைக்குச் செல்ல முடியவில்லை. மோதிய வானை அடையாளங் காட்டுவாரும் இல்லை. ஆயின், இரண்டாண்டுகளுக்கு முன்னர் முகவர் ஒருவரின் வற்புறுத்தலால் அவர் எடுத்திருந்த விபத்துக் காப்புறுதிப் பத்திரம் ஒன்று உண்டு. தவணைப்பணம் ஒன்றேனும் தவறவில்லை. உழைக்க இயலாத ஒவ்வொரு வாரத்துக்கும் இன்ன தொகை என அப்பத்திரம் கூறுகின்றது.

அவர் கோரிக்கை அனுப்புகின்றார். சில வாரங்களின் பின் கம்பனியிலிருந்து ஆங்கிலத்தில் மூன்று வரிக் கடிதம் வருகின்றது. பத்திரத்தின் பின்பக்கத்தில், துவிச்சக்கரவண்டியின் தடுப்பு, மணி, விளக்கு ஆகியன எக்காலத்தும் செவ்வனே இயங்கும் நிலையில் இருத்தல் வேண்டும் என்றொரு நிபந்தனை உள்ளது. விசாரணையில் விளக்கு முன்னரே பழுதுற்றிருந்தமை தெரியவந்துள்ளது. ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகின்றது. விளக்குப் பழுதென்பது உண்மையே. டைனமோவின் கம்பி அறுந்து இரு வாரங்களாகியும் அவர் அதனைத் திருத்தவில்லை.

கடிதத்தை வாசித்துப் பொருள் சொன்ன சைக்கிள் கடைக்காரர் அவர்மீது இரக்கங்கொள்கின்றார். 'தம்பி, போன மாதமே லைற்றைத் திருத்தித் தந்ததெண்டு நான் ஒரு துண்டு எழுதித் தாறன். கொண்டுபோய்க் குடும்' என்கின்றார். அத்துண்டைக் கொடுத்தால், மோதலினாலேயே கம்பி அறுந்தது எனக் கம்பனி ஏற்றுக்கொள்ளக் கூடும். மேசனின் வீட்டில் அடுப்பெரிவது அத்தொகையிலேயே தங்கியுள்ளது. தமக்கு நியாயமாக உரியதைப் பெறுவதற்கு அவர் அத்துண்டைப் பயன்படுத்தலாமா? இதுவே ஈண்டு ஆராயப்படும் வினா.

வினாவுக்கு விடை காணுமுன், கம்பனியின் பக்கத்து நியாயத்தை அதன் வலிமை குன்றாமல் எடுத்துரைத்தல் முறையாகும். காப்புறுதிப் பணம் வானத்திலிருந்து விழுவதன்று; பலரின் சிறுசிறு தவணைப்பணங்கள் சேர்ந்த பொதுநிதி அது. எமது ஊர்களில் இயங்கிவரும் மரண சகாய சங்கங்களும் இத்தத்துவத்தின் அடிப்படையிலேயே அமைந்தவை. ஒருவர் வீட்டில் இழவு நேரும்போது எல்லாரும் கொடுத்து வைத்ததிலிருந்து அவ்வீட்டுக்கு உதவி கிடைக்கின்றது. தகுதியற்ற ஒருவருக்குக் கொடுப்பது தகுதியுள்ள பலரிடமிருந்து எடுத்துக் கொடுப்பதாகும். எனவே நிபந்தனைகளை விதித்தலும், கோரிக்கைகளை விசாரித்தலும் தம்மளவிற் குற்றமல்ல. அவை இல்லாவிடின் நேர்மையானவர்களின் பணம் நேர்மையற்றவர்களிடம் போய்ச் சேரும்.

ஆயின், மரண சகாய சங்கத்துக்கும் கம்பனிக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சங்கத்தில் கொடுப்போரும் பெறுவோரும் ஒருவரையொருவர் அறிவர். அங்கு ஒருவர் முகமே அவருக்குச் சாட்சி. கம்பனியிலோ முகத்தின் இடத்தைப் படிவம் பிடித்துக்கொள்கின்றது. படிவத்தை எழுதுவது ஒரு பக்கம். அதிற் கையொப்பமிடுவது மறுபக்கம். எழுதுபவரிடம் சட்டத்தரணிகள் உளர். கையொப்பமிடுபவரிடம் முகவர் வாயாற் சொன்ன விளக்கம் மாத்திரமே உண்டு. இச்சமனின்மையைக் கருத்திற் கொள்ளாது இருசாராரும் சுதந்திரமாக உடன்பட்டனர் என்று கூறுவது, உருவத்தை மாத்திரம் கண்டு உள்ளடக்கத்தைக் காணாது விடுவதாகும்.

அறிந்த ஒருவர் அறியாத ஒருவருடன் வாணிபஞ் செய்யும்போது எவ்வளவு சொல்லவேண்டும் என்னும் வினா மிகப் பழையது. உரோமபுரிச் சிந்தனையாளர் சிசரோ, கி.மு. 44 ஆம் ஆண்டில் எழுதிய 'கடமைகள் பற்றி' என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் இதனை விவாதிக்கின்றார். ரோட்ஸ் தீவிலே பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகன் தானியத்துடன் வந்து சேர்கின்றான். வேறு பல தானியக் கப்பல்கள் பின்னால் வந்துகொண்டிருப்பதை அவன் அறிவான். அதை ஊராருக்குச் சொன்னால் விலை வீழ்ந்துவிடும். அவன் சொல்லவேண்டுமா? சட்டம் கேட்பதைச் சொன்னாற் போதும் என்பது தியோஜீனிஸ் என்பாரின் கட்சி. விற்பவன் அறிந்த யாவற்றையும் வாங்குபவனும் அறிதல் வேண்டும் என்பது அந்திப்பாத்தரின் கட்சி. சிசரோ பின்னவரின் பக்கமே சாய்கின்றார். சும்மா பேசாதிருத்தல் வேறு, பிறர் அறியவேண்டியதைத் தன் இலாபத்துக்காக மறைத்தல் வேறு என்பது அவர் காட்டும் வேறுபாடு.

இவ்வேறுபாடே பதினெட்டு நூற்றாண்டுகளின் பின் காப்புறுதிச் சட்டத்தின் அடிக்கல்லாயிற்று. சுமாத்திராத் தீவிலே கிழக்கிந்தியக் கம்பனிக்குச் சொந்தமான மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர் ஜோர்ஜ் காட்டர், கோட்டை அந்நிய எதிரியிடம் வீழ்வதற்கு எதிராக இலண்டனிற் காப்புறுதி செய்திருந்தார். 1760 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். கோட்டையின் பலவீனத்தை ஆளுநர் மறைத்துவிட்டார் என்று சொல்லிக் காப்புறுதியாளர் போம் பணங் கொடுக்க மறுத்தார். 1766 இல் தீர்ப்பளித்த மான்ஸ்பீல்ட் பிரபு, சிசரோ காட்டிய வேறுபாட்டை எடுத்தாண்டு, நன்னம்பிக்கை இருசாராரையும் பிணைக்கின்றது என்றார். காப்புறுதி செய்பவன் தான் மட்டும் அறிந்ததை மறைத்தலாகாது; காப்புறுதியாளனும் தான் அறிந்ததை, அல்லது எளிதிற் கேட்டறிந்திருக்கக் கூடியதை, அப்போது கேளாது தவணைப்பணத்தை வாங்கிக்கொண்டு, இழப்பு நேர்ந்த பின் அதனையே காரணமாகக் காட்டித் தப்பலாகாது. அவ்வழக்கில் வென்றவர் ஆளுநரே.

இது மனங்கொள்ளத்தக்கது. பிற்காலத்தில் எத்தனையோ காப்புறுதியாளர் கோரிக்கைகளை மறுப்பதற்கு ஆதாரமாகக் காட்டிய நன்னம்பிக்கைத் தத்துவம், காப்புறுதியாளர் தோற்ற ஒரு வழக்கிலேயே பிரகடனஞ் செய்யப்பட்டது. காலப்போக்கில் இரு கூர்வாளின் ஒரு பக்கம் மழுங்கி, மறுபக்கம் மாத்திரம் தீட்டப்பட்டது. இங்கிலாந்தின் 1906 ஆம் ஆண்டுக் கடற்காப்புறுதிச் சட்டம், காப்புறுதி செய்தவர் உறுதியளித்த நிபந்தனை ஒன்றை அணுவளவும் பிசகாது நிறைவேற்றல் வேண்டும் என்றது. அந்நிபந்தனைக்கும் ஆபத்துக்கும் தொடர்பு இருத்தல் அவசியமன்று. பகலில் நேர்ந்த மோதலுக்கு இரவு விளக்கைக் காரணங் காட்டும் மனோபாவம் இத்தகைய சிந்தனையின் வழிவந்ததே.

இப்போக்கு எதிர்ப்பின்றி நிலைக்கவில்லை. உரோம டச்சுச் சட்டத்தின் வாரிசுரிமையை இலங்கையைப் போலவே பேணிவரும் தென்னாபிரிக்காவில், 1985 ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவுட்சோர்ன் மாநகரசபை சம்பந்தப்பட்ட காப்புறுதி வழக்கொன்றில் ஆழ்ந்த ஒரு கருத்தை வெளியிட்டது. 'அதியுயர் நன்னம்பிக்கை' எனத் தனியே ஒன்று இல்லை; நம்பிக்கைக்குப் படித்தரங்கள் இல்லை; நேர்மை உண்டு, அல்லது இல்லை என்பதே அதன் சாரம். இங்கிலாந்திலும் 2015 ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டம் பழைய கடுமையைத் தளர்த்தியது. மீறப்பட்ட நிபந்தனை, உண்மையில் நேர்ந்த இழப்பு நேர்ந்த அச்சூழ்நிலையில் அதற்கான ஆபத்தை அதிகரித்திருக்க முடியாது எனக் காட்டப்படுமாயின், காப்புறுதியாளர் அதனைச் சாட்டாகக் கொள்ள முடியாது. அச்சட்டம் இந்நாட்டைக் கட்டுப்படுத்துவதன்று. ஆயினும் அது ஏற்றுக்கொண்ட நியாயம் எந்நாட்டு மனச்சாட்சிக்கும் விளங்கக் கூடியது. நிபந்தனை ஒன்றின் நோக்கம் ஆபத்தைக் குறைத்தல். அந்த ஆபத்தோடு தொடர்பற்ற இடத்தில் அதனைப் பிரயோகிப்பது, வேலி போட்டவனே வேலியைப் பொறியாக மாற்றுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே மேசனின் கோரிக்கை ஒழுக்கவியல் அடிப்படையில் நியாயமானது எனக் கொள்வதில் தடையில்லை. சூரியன் மறையாத வேளையில் விளக்கு எரிந்திருந்தாலும் வான் மோதியே இருக்கும். இந்நிலையிலேதான் துண்டு பற்றிய வினா முழுக் கூர்மையுடன் எழுகின்றது. நியாயமற்ற கோரிக்கைக்குப் பொய் சொல்வது களவு; அதில் விவாதத்துக்கு இடமில்லை. நியாயமான கோரிக்கைக்குப் பொய் சொல்வது என்ன?

அத்துண்டுக்குச் சார்பாக மூன்று வாதங்களை முன்வைக்கலாம். முதலாவது, வள்ளுவர் வாய்மை அதிகாரத்திற் கூறும் கருத்து. குற்றமற்ற நன்மையை விளைவிக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைத்து எண்ணத்தக்கது என்பது அவர் கொள்கை. பசித்த குடும்பத்துக்கு உரிய உணவு கிடைப்பதை விடக் குற்றமற்ற நன்மை எது? இரண்டாவது, பிரெஞ்சுச் சிந்தனையாளர் பெஞ்சமின் கொன்ஸ்தன் கூறியது. உண்மை சொல்லுதல் கடமைதான். ஆயின் அவ்வுண்மையைப் பெறும் உரிமை உடையவரிடத்து மாத்திரமே அது கடமை. விபத்தோடு தொடர்பில்லாத விளக்கைப் பற்றிக் கேட்கக் கம்பனிக்கு என்ன உரிமை? மூன்றாவது, வலியோன் வகுத்த விதிகளை அவ்வாறே ஏற்று விளையாடும்படி மெலியோனை நிர்ப்பந்திப்பது அநீதிக்குத் துணைபோதலாகும் என்பது.

இவற்றை எளிதிற் புறக்கணிக்க முடியாது. நீதிமன்றமே ஒருகால் இவற்றின் பக்கம் சாய்ந்துள்ளது. 2010 ஜனவரியில் டி.சி. மேர்வெஸ்ரோன் என்னும் சரக்குக் கப்பலின் இயந்திர அறையுள் நீர் புகுந்து இயந்திரம் பாழாயிற்று. இழப்பு முப்பத்திரண்டு இலட்சம் யூரோவுக்கு மேல். கோரிக்கை உண்மையானது. ஆயினும் அதனை விரைவுபடுத்தும் பொருட்டுக் கப்பலுரிமையாளரின் தரப்பினர், அபாய மணி ஒலித்தும் கப்பலின் உருளலால் ஒலித்தது என எண்ணி மாலுமிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை என்றொரு பொய்க் கதையைச் சேர்த்துவிட்டனர். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அப்பொய்யின் காரணமாக முழுக் கோரிக்கையையும் தள்ளுபடி செய்தன. 2016 ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்தின் உச்சநீதிமன்றம் நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அதனை மாற்றியது. கோரிக்கையின் செல்லுபடியைப் பாதிக்காத பொய், அக்கோரிக்கையை அழித்துவிடாது என்பது பெரும்பான்மையோர் முடிவு. இறுதியில் அப்பொய் சொல்லப்பட்டிருந்தாலும் சொல்லப்படாதிருந்தாலும் கிடைக்கவேண்டிய தொகை ஒன்றே என்பது அவர்தம் தருக்கம்.

ஆயின், தண்டனை மிகையானது என்பது வேறு. செயல் சரியானது என்பது வேறு. சட்டம் பொறுத்துக்கொண்டதனால் ஒன்று ஒழுக்கமாகிவிடாது. அன்றியும், மேசனின் துண்டுக்கும் கப்பற்காரரின் கதைக்கும் நுட்பமான வேறுபாடு உண்டு. கப்பற்காரரின் பொய் தீர்வுக்குத் தேவையற்ற ஒரு விடயம் பற்றியது. மேசனின் பொய்யோ, கம்பனியின் நிபந்தனை எதனைத் தீர்க்கமான விடயமாக்கியுள்ளதோ அதனைப் பற்றியது. விளக்குத் தேவையற்ற விடயம் என்று கூறவேண்டுமாயின், அந்நிபந்தனை இவ்விபத்துக்குப் பொருந்தாது என முதலில் நிறுவப்படல் வேண்டும். அதனை நிறுவுவதற்கு வழி, நிபந்தனையை நேருக்கு நேர் நின்று எதிர்த்து வாதிடுவதே. துண்டைக் கொடுத்தவர் அவ்வாதத்தைத் தொடங்கவே முடியாது. 'விளக்குச் சரியாகவே இருந்தது' என்று சொன்னவர், 'விளக்குப் பழுதாயிருந்தாலும் என்ன?' என்று கேட்கும் உரிமையைத் தாமே கைவிட்டு விடுகின்றார். எந்தத் தீர்ப்பினால் அப்பொய் நியாயப்படுத்தப்படக் கூடுமோ, அந்தத் தீர்ப்பு வெளிவராதபடி தடுப்பதும் அதே பொய்தான்.

கொன்ஸ்தனுக்கு மறுமொழியாக 1797 இல் கட்டுரை எழுதிய இமானுவேல் கான்ற், எந்நிலையிலும் பொய் கூடாது எனக் கடுமையாக வாதிட்டார். கொலைகாரன் தேடிவந்த நண்பனை மறைப்பதற்குங் கூடப் பொய் சொல்லலாகாது என்ற அவரது முடிவைப் பலரும் ஏற்பதில்லை. ஆயினும் அவர் கூறிய ஒரு காரணம் காப்புறுதிக்கு மிகவும் பொருந்தும். பொய் ஒருவரை மட்டும் பாதிப்பதன்று. ஒப்பந்தங்கள் அனைத்துக்கும் அடிப்படையான சொல்லின் நம்பகத்தையே அது குலைக்கின்றது என்றார் அவர். காப்புறுதி சொல்லையே பொருளாகக் கொண்ட வாணிபம் என்பது முன்னர்க் கூறப்பட்டது. கம்பனி தன் சொல்லைக் காக்கவில்லை என்பதே மேசனின் முறைப்பாடு. அம்முறைப்பாட்டுக்குத் தளமாக உள்ளது சொல் காக்கப்படல் வேண்டும் என்னும் விதி. பொய்த் துண்டைக் கையிலெடுக்கும்போது அவர் தாம் நிற்கும் தளத்தையே தோண்டுகின்றார்.

வள்ளுவரின் நிபந்தனையும் ஈண்டு மீளச் சிந்திக்கத்தக்கது. நன்மை மட்டும் போதாது, அது குற்றமற்றதாதல் வேண்டும் என்கின்றார் அவர். துண்டினால் விளையும் நன்மை குற்றமற்றதா? சைக்கிள் கடைக்காரர் தமது கையொப்பத்தை விற்கவில்லை, இரக்கத்தினாற் கொடுக்கின்றார். ஆயினும் அகப்பட்டால் அவரும் குற்றவாளியாவார். நாளை உண்மையான திருத்த வேலைக்கு அவர் எழுதிக் கொடுக்கும் பற்றுச்சீட்டையும் எவரும் நம்பார். இவற்றினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. துண்டு வெற்றி பெறின் மேசனுக்குப் பணம் கிடைக்கும். நிபந்தனை அப்படியே இருக்கும். அடுத்த கிராமத்தில், பட்டப்பகலில், விளக்கில்லா வண்டியிலிருந்து விழும் இன்னொருவரை அது வீழ்த்தும். அவருக்குத் துண்டு எழுதிக் கொடுக்கக் கடைக்காரர் எவரும் இல்லாதிருக்கலாம். பொய் தனி ஒருவரை மீட்கின்றது. அநீதியைத் தொடாமல் விட்டுவிடுகின்றது. மெலியோரின் ஆயுதம் எனப்படும் அது, உண்மையில் வலியோரின் விதியைக் காப்பாற்றிக் கொடுக்கின்றது.

எனினும், இவ்வளவோடு நின்றுவிடின் இவ்வாராய்ச்சி பசித்தவனுக்கு உபதேசஞ் செய்வதாய் முடியும். உண்மை சொல்வதன் விலையை யார் செலுத்துகின்றார் என்பதும் கேட்கப்படல் வேண்டும். ஐந்து மாதம் கூலியில்லாத ஒருவர் உண்மையைச் சொல்லித் தோற்கக் கூடும். பொய் சொன்ன அயலவர் வெல்லக் கூடும். உண்மை சொல்பவரைத் தண்டிக்கும்படி ஒரு படிவம் அமைக்கப்பட்டிருப்பின், அப்படிவத்தில் எழுதப்படும் பொய்களில் அதனை அமைத்தவருக்கும் பங்குண்டு. நடுவு நிலைமை அதிகாரத்தில் வாணிகருக்கு வள்ளுவர் விதிக்கும் அறம், பிறர் பொருளையும் தம்பொருள் போலப் பேணிச் செய்தல் என்பது. தவணைப்பணத்தை வாங்கும் நாளில் வண்டியை ஒருமுறை பாராதவர், நட்டஈடு கொடுக்கும் நாளில் அதன் கம்பியை ஆராய்வது அவ்வறத்தின் பாற்பட்டதன்று. ஆகவே வாய்மைக் கடமை இருவருக்கும் உண்டெனினும், அது முதலில் எழுதுபவரையே சாரும். கையொப்பமிடுபவரை அதன் பின்னரே சாரும்.

இக்கடமையைத் தனிமனிதரின் துணிவுக்கு மாத்திரம் விட்டுவைத்தல் ஆகாது. மறுப்பை எதிர்த்து வாதிடும் வழிகள் எளியோருக்கும் எட்டுவனவாய் அமைதல் வேண்டும். இலங்கையில் 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் காப்புறுதித் தொழிலை மேற்பார்வை செய்யும் பொது நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தியது. 2005 ஆம் ஆண்டிலிருந்து காப்புறுதிக் குறைகேள் அதிகாரி ஒருவரும் இயங்கி வருகின்றார். இவ்வழிகள் உள்ளன என்பதை மேசனுக்கு அவரது மொழியிலே சொல்லுவோர் வேண்டும். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் விரிவாகக் கேட்கலாம். எந்த வாசகத்தின் அடிப்படையில் மறுக்கப்பட்டது எனக் கேட்கலாம். ஈரடிப் பொருள்படும் வாசகம் அதனை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்ளப்படல் வேண்டும் என்ற பழைய விதியை எடுத்துக் கூறலாம். இத்தகைய கடிதமொன்றை எழுத உதவுவது, பொய்த் துண்டு எழுதிக் கொடுப்பதை விடக் கடினமான உதவி. படித்தவர்கள் கிராமத்துக்குச் செய்யக்கூடிய உதவியும் அதுவே. கடைக்காரர் துண்டை நீட்டுகின்றார் எனின், அந்தக் கடிதத்தை நீட்டுவதற்கு வேறெவரும் அங்கு வரவில்லை என்பதே அதன் பொருள்.

முடிவாக நோக்குமிடத்து, மறுக்கப்பட்ட உரிமைக்காக வாதிடுவது பேராசையுமன்று, இரந்து நிற்றலுமன்று. கொடுத்த வாக்கை அதனைக் கொடுத்தவருக்கு நினைவூட்டுவதாகும். அந்நினைவூட்டலின் வலிமை, நினைவூட்டுபவரின் சொல்லும் நம்பத்தக்கதாய் இருப்பதிலேயே தங்கியுள்ளது. மேசன் அனுப்பவேண்டிய கடிதம் நீளமானதன்று. 'எனது வண்டியின் விளக்குப் பழுதாகவே இருந்தது. விபத்து நடந்தது மாலை நான்கரை மணிக்கு. அப்போது நல்ல வெளிச்சம். விளக்கு எரிந்திருந்தால் இவ்விபத்து எவ்வாறு நடவாதிருந்திருக்கும் என்பதை எனக்கு எழுத்தில் அறியத்தரவும்.' இக்கடிதம் வெல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆயின் இதற்குக் கம்பனி ஏதேனும் ஒரு பதிலை எழுதியே ஆகவேண்டும். அப்பதிலில் அது தன் நிபந்தனையைத் தானே நியாயப்படுத்த வேண்டிவரும். பொய்த் துண்டு ஒருபோதும் எழுப்பமுடியாத கேள்வி அது.